சரிவு நிலத்தில் கோல்ஃப் பந்து

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கச் செயலாளரிடம் "கோல்ஃப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். "நம்ம ஆளுங்க யாரு சார் அதெல்லாம் ஆடுறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆடுகிறவர்கள் குறைவு. ஆனால் அந்த ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கே சொல்லிக்கொடுத்த நம்மவர்கள் நிறைய உண்டு. அதில் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். என் அப்பா, மலையூர் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கேடியாக இருந்தவர். கேடி என்றால் நம் சினிமா வில்லன் இல்லை. ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடந்து, எந்த இடத்தில் எந்த மட்டை என்று சொல்கிறவர்.

அம்மா காலமான பிறகு அப்பாவைக் காக்கநாட்டுக்கு அழைத்து வந்தோம். ஒன்பதாவது மாடி ஃபிளாட். முதல் ஒரு மாதம் பால்கனியில் உட்கார்ந்து சீபோர்ட் - ஏர்போர்ட் ரோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு கீழே போனவர் நெடுநேரம் வரவில்லை. தேடிப் போனால், அடித்தளக் கார் நிறுத்தத்துக்கு இறங்கும் சாய்தளத்தில் நிற்கிறார். குடையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். காலடியில் ஒரு எலுமிச்சம்பழம். "இந்தச் சரிவு நல்லா இருக்கு கண்ணு. நாலு லையும் இதுலயே வருது" என்றார். இந்தக் கட்டுரை அந்தச் சாய்தளத்தில் நான் கற்றுக்கொண்டது.

'லை' என்பது பந்து கிடக்கும் நிலை. கோல்ஃபில் பாதி விஷயம் இதுதான். கிரிக்கெட்டில் பிட்சை உருளை போட்டு உருட்டுகிறார்கள். கேரம் போர்டுக்குப் பவுடர் போடுகிறோம். கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் 'டீ' என்ற இடம் மட்டும்தான் ஏறக்குறையச் சமமாக இருக்கும். அதற்கப்புறம் பந்து எங்கே போய்க் கிடக்கிறதோ அங்கே போய், கிடக்கிறபடியே அடிக்க வேண்டும். மேடோ பள்ளமோ, நிலத்தை வெட்டிச் சரி செய்யக் கூடாது. காலுக்கு அடியில் எதையாவது வைத்து நிற்குமிடத்தைக் கட்டிக்கொள்ளவும் கூடாது. கால் வழுக்காமல் ஊன்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் எவ்வளவு கறார் தெரியுமா? 1987-இல் அமெரிக்காவில் சான் டியேகோ நகரத்துப் போட்டியில் கிரெய்க் ஸ்டாட்லர் என்ற பெரிய ஆட்டக்காரரின் பந்து ஒரு மரத்தடியில் மாட்டிக்கொண்டது. முட்டி போட்டுத்தான் அடிக்க முடியும். பேன்ட்டில் ஈரம் படக் கூடாதென்று ஒரு துண்டை விரித்து அதன்மேல் முட்டி போட்டு அடித்தார். டிவியில் அதைப் பார்த்தவர்கள் போன் செய்துவிட்டார்கள். துண்டு விரித்தது 'நிற்குமிடத்தைக் கட்டியது' ஆகிறது, அதற்கான தண்டத்தைச் சேர்க்காமல் கணக்குச் சீட்டில் கையெழுத்துப் போட்டது அதைவிடத் தப்பு என்று மறுநாள் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ஒரு துண்டுக்கு இந்தப் பாடு என்றால், சரிவில் நிற்கிறவன் சரிவிலேயே அடிக்கக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை என்பது புரியும்.

நம் பக்கத்து மைதானங்களைப் பாருங்கள். சென்னை நந்தனத்துப் பக்கம் ஆடுகிறவர்களுக்குச் சமதளம்தான் பழக்கம். நெடும்பாசேரியில் விமான நிலையத்துக்காரர்களின் மைதானத்தில் ஏரிகள் உண்டு (2021-இல் அந்த ஏரிகளில் மிதக்கும் சூரியத் தகடுகள்கூடப் போட்டுவிட்டார்கள்), மலை கிடையாது. ஆனால் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குப் பயந்து மேலே ஏறிய ஊர்களிலெல்லாம் கோல்ஃபையும் மேலே ஏற்றிவிட்டார்கள். இலங்கையில் நுவரெலியா கிளப் 1889-இல் தொடங்கியது. கொடைக்கானல் கிளப் 1895. ஊட்டி, குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டன், நம்ம மூணாறு என்று வரிசையாக இருக்கின்றன. இங்கெல்லாம் தட்டையாக ஒரு இடம் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். இந்த மலைகளிலெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள். தேயிலை பறிக்கிற பெண்களைக் கவனித்திருப்பீர்கள். மேட்டுப் பக்கத்து முழங்காலை மடக்கி, பள்ளத்துப் பக்கத்துக் காலை நீட்டி ஊன்றி, இடுப்பை அசைக்காமல் மணிக்கணக்கில் நிற்பார்கள். சரிவில் நிற்கும் வித்தை அந்த ஊர்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பிலேயே ஊறியது.

சரி, சரிவில் அப்படி என்னதான் கஷ்டம்? மட்டை என்பது சமதளத்துக்கென்று செய்த பொருள். அதன் அடிப்பாகம் தரையில் படிந்து உட்கார்ந்தால்தான் முகம் நேராகப் பார்க்கும். அந்த முகமும் செங்குத்தாக இருக்காது, பின்பக்கம் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்கு 'லாஃப்ட்' என்று பெயர். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவருக்குப் பத்துப் பாகை போல. ஏழாம் நம்பர் அயர்னுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. கிட்டத்து அடிக்கான வெட்ஜுக்கு நாற்பத்தைந்தும் அதற்கு மேலும். சாய்வு கூடக்கூடப் பந்து உயரமாய்ப் போகும், தூரம் குறையும். தரை சாய்ந்தால் இந்த ஏற்பாடு எல்லாமே சாய்ந்துவிடும். நம் உடம்போ நேராக நிற்கத்தான் பார்க்கும், அது அதன் சுபாவம். தரை ஒரு கோணம், உடம்பு ஒரு கோணம். மட்டை ஒன்று மண்ணை வெட்டும், இல்லாவிட்டால் பந்தின் தலையில் தட்டும்.

அப்பாவின் வைத்தியம் ஒரே வரி: "தோளை மலைக்குக் கொடுத்துரு கண்ணு."

அதாவது, தரை எப்படிச் சாய்ந்திருக்கிறதோ அதே சாய்வில் தோள்களையும் சாய்த்துக்கொள். அப்போது உன் உடம்பைப் பொறுத்தவரை தரை சமதளம் ஆகிவிடும். இனி வருவதெல்லாம் வலது கைக்காரர்களுக்குச் சொல்வது. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள். வலது கைக்காரருக்கு அடிக்கப்போகும் திசை அவருடைய இடது தோள் பக்கம் இருக்கும்.

முதலில் ஏற்றம். மேட்டைப் பார்த்து அடிக்கிறோம், இடது கால் உயரத்தில். இடது தோளை உயர்த்தி, வலது தோளைத் தாழ்த்தி, சரிவுக்கு இணையாக நிற்கணும். எடை தானாகவே வலது காலுக்கு வரும். அதை விட்டுவிடலாம், ஆனால் வலது முழங்கால் வெளிப்பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளணும். பந்தை மேட்டுக்காலின் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்த மாதிரி நிற்கணும். மட்டை சரிவோடு மேலே ஏறிப் போகட்டும். இப்போது சரிவின் கோணம் மட்டையின் சாய்வோடு சேர்ந்துகொள்ளும். எங்கள் சாய்தளம் எட்டடிக்கு ஓரடி உயர்கிறது, ஏழு பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் நம்பர் அயர்ன் அதில் ஒன்பதாம் நம்பர் மாதிரி வேலை செய்யும். பந்து வானத்துக்குப் போய்ப் பக்கத்திலேயே விழும். அதனால் ஒன்றிரண்டு நம்பர் குறைத்து, அதாவது அதிக தூரம் போகும் மட்டையாக எடுக்கணும். இன்னொன்று, எடை பின்காலிலேயே நின்றுவிடுவதால் கை முந்திக்கொண்டு திரும்பும், பந்து இடப்பக்கம் இழுக்கும். குறியைக் கொஞ்சம் வலது பக்கம் வைத்தால் சரியாகப் போகும்.

ஏற்றம் பரவாயில்லை. மனுஷனைக் கொல்வது இறக்கம்தான்.

போன வருடம் என் கம்பெனி வாடிக்கையாளர்களோடு ஒரு மலை மைதானத்துக்குப் போனது. எனக்கும் ஒரு மட்டையைக் கொடுத்துவிட்டார்கள். இங்கே ஆறு மாதம் பழகியிருந்தேன், சமதளத்தில் சுமாராக வரும். மூன்றாவது குழியில் என் பந்து இறக்கத்தில் கிடந்தது. கீழே நல்ல பச்சைப் பசேல் என்று 'கிரீன்', அதற்கு முன்னால் ஒரு ஓடை. பந்தை ஓடைக்கு மேலே தூக்கிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டு, வலது காலில் சாய்ந்து, கரண்டியால் அள்ளுவது போல் வீசினேன். மட்டை முதலில் பின்னால் இருந்த மேட்டு மண்ணில் பட்டுத் துள்ளி, பந்தின் உச்சந்தலையில் தட்டியது. பத்து கஜம் உருண்டு நின்றது. மறுபடியும் அதே. மூன்றாவது தடவையும் அதே. கூட வந்திருந்த கேடிப் பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னால், அவர் சிரிக்கக்கூட இல்லை. "பின்னாடி சாஞ்சியா?" என்றார். "சாய்ந்தேன்." "எல்லாத் துரைமாரும் அங்கதான் சாய்வாங்க" என்றார்.

இறக்கத்தில் இடது கால் பள்ளத்தில். பந்துக்குப் பின்னால் இருக்கும் தரை பந்தைவிட உயரம், வில்லங்கமே அதுதான். வழக்கம்போல் மட்டையை இறக்கினால் முதலில் மண்தான் அகப்படும். ஆகவே இடது தோளைத் தாழ்த்தி, எடையை இடது காலில் வைத்து, பந்து வலது காலின் பக்கம் கொஞ்சம் இருக்கிற மாதிரி நிற்கணும். (ஏற்றமானாலும் இறக்கமானாலும் பந்து மேட்டுக்காலின் பக்கம். இதை ஞாபகம் வைத்தால் போதும்.) மட்டையை எடுக்கும்போதே கொஞ்சம் செங்குத்தாக எடுத்து, அடித்த பிறகும் சரிவைத் துரத்திக்கொண்டு கீழே போகவிட வேண்டும். அடித்த வேகத்தில் வலது கால் ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டால்கூடத் தப்பில்லை. தூக்க வேண்டும் என்ற எண்ணமே வரக் கூடாது, தூக்குகிற வேலை மட்டையின் முகத்துடையது. சரிவு இப்போது அந்தச் சாய்விலிருந்து கழிந்துவிடுவதால் ஏழாம் நம்பர் ஐந்தாம் நம்பர் ஆகிவிடும். பந்து தாழ்வாகப் பறக்கும், விழுந்த பிறகு நெடுக ஓடும், கொஞ்சம் வலப்பக்கம் விலகும். எனவே முகம் அதிகம் சாய்ந்த மட்டை, குறி சற்று இடது பக்கம், கிரீனுக்கு முன்னாலேயே விழவிட்டு உருளவிடுவது. ஓடை குறுக்கே இருந்தால்? "பக்கத்துல தட்டி வெச்சிட்டு அடுத்த அடியில தாண்டு. மானம் ஒண்ணும் போயிடாது" என்பது அப்பாவின் தீர்ப்பு. சரிவு ரொம்பச் செங்குத்தாக இருந்தால் எடை கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். அங்கே தோளை முழுசாகக் கொடுக்காமல் பாதி கொடுத்து, பாதி வேகத்தில் அடிப்பதே உத்தமம்.

அடுத்தது குறுக்குச் சரிவு. சாய்தளத்தில் நீங்கள் திரும்பி நின்றுகொண்டால் போதும். மேட்டைப் பார்த்து நின்றால் பந்து காலைவிட உயரத்தில் இருக்கும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் தாழ்வில்.

உயரத்தில் இருக்கும் பந்து இடப்பக்கம் போகும், தாழ்வில் இருப்பது வலப்பக்கம் போகும். ஏன் என்று நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். அதற்கு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எதிர்ச்சுவரைப் பார்க்கிற மாதிரி புத்தகத்தை மேஜைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் வலது ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள். புத்தகம் கோணலாக நிற்கிறது, ஆனாலும் அதே சுவரைத்தான் பார்க்கிறது. இப்போது புத்தகத்தை உங்கள் பக்கம் பாதி சாய்த்துக்கொண்டு மறுபடியும் வலது ஓரத்தைத் தூக்குங்கள். முகம் இடப்பக்கம் திரும்பிவிட்டது! பந்து காலைவிட உயரத்தில் இருக்கும்போது மட்டையின் நுனி தூக்கிக்கொள்வதால் நடப்பது இதுவேதான். சாய்வு அதிகமான மட்டை அதிகம் திரும்பும். ஏழு பாகைச் சரிவில், நாற்பத்தைந்து பாகை வெட்ஜ், கணக்குப்படி ஏழு பாகை இடப்பக்கம் பார்க்கும். நூறு கஜத்தில் பன்னிரண்டு கஜம் விலகல். அதே சரிவில் டிரைவருக்கு ஒரு பாகை சொச்சம்தான். நிறையப் பேர் இதை நேர் எதிராக நினைத்துக்கொண்டு, சின்ன அடிதானே என்று வெட்ஜை நேராகக் குறி வைத்துக் கோட்டை விடுகிறார்கள்.

அடிக்கும் முறையும் மாறும். பந்து உயரத்தில் இருந்தால் அது நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம். மட்டைப் பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்து, முதுகை நிமிர்த்தி நின்று, குத்துச்சுவர் மேல் இருப்பதைத் தட்டுவது போல் படுக்கையாக வீசணும். குறி வலது பக்கம். அமெரிக்காவில் ஏப்ரல் மாதந்தோறும் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டா மைதானத்தின் பதின்மூன்றாம் குழி இதற்குப் பேர்போனது. டிவியில் பார்த்தால் கம்பளம் விரித்தது போல் இருக்கும். உண்மையில் தரை வலமிருந்து இடமாகச் சரிகிறது, வலது கைக்காரரின் பந்து காலுக்கு மேலே கிடக்கும். கிரீனுக்கு முன்னால் ஓடை. கேமரா சரிவைக் காட்டுவதில்லை. அதே மைதானத்தின் பத்தாம் குழி நூறடி போல இறங்குகிறது என்றால் டிவி பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

பந்து தாழ்வில் இருந்தால் அது எட்டிப்போய்விட்டது. பிடியின் நுனியில் பிடித்து, இடுப்பையும் முழங்காலையும் நன்றாக மடக்கி, எடையைக் குதிகாலுக்குக் கொண்டுவந்து நிற்கணும். நாற்காலி நுனியில் உட்காரப்போகிற மாதிரி. அந்த உயரம் அடித்து முடிக்கிறவரை மாறக் கூடாது. பாதியில் நிமிர்ந்தால் மட்டை பந்தின் மேல்பாதியைச் சீவும். குறி இடது பக்கம். முழு வேகம் கூடாது. அப்பாவுக்கு இந்த நிலையில் இப்போது நிற்க முடியவில்லை. முழங்கால் போய்விட்டது. பை சுமந்து இறங்கிய முழங்கால். குடையை என்னிடம் கொடுத்து, பக்கத்தில் கார் மேல் கை ஊன்றிக்கொண்டு, "இன்னும் மடக்கு, இன்னும் மடக்கு" என்பார்.

புத்தகத்தில் நான்கு நிலைகளையும் தனித்தனியாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். மலையில் அப்படித் தனித்தனியாக வருவதில்லை. ஏற்றமும் இருக்கும், பந்து தாழ்விலும் இருக்கும். ஒன்று இடப்பக்கம் இழுக்கும், ஒன்று வலப்பக்கம் தள்ளும். எது பெரிய சரிவு என்று பார்த்து அதற்குத்தான் முதல் மரியாதை. அதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காலால் பார்ப்பது மேல் என்கிறார் அப்பா. மலையில் கண் ஏமாறும். பின்னால் பெரிய மலை நின்றால் முன்னால் உள்ள சரிவு சமம் போலத் தெரியும். பந்துக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடினால் எந்தப் பாதத்தில், பாதத்தின் எந்தப் பக்கத்தில் எடை விழுகிறது என்று தெரியும். பிறகு ஒன்றிரண்டு தடவை பந்து இல்லாமல் வீசிப் பார்த்தால் மட்டை எங்கே புல்லைத் தொடுகிறது என்பதும் தெரிந்துவிடும். அங்கேதான் பந்து இருக்கணும்.

மலையில் காற்றும் கணக்கில் சேரும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே. அங்கே காற்றின் அடர்த்தி நம் கொச்சியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால் பந்து பத்தில் ஒரு பங்கு போலக் கூடுதலாகப் பறக்கும். எனவே கொச்சியில் அடித்துப் பழகியவர் அங்கே ஏற்றத்துக்கென்று மட்டையைக் கூட்டணும், காற்றுக்கென்று குறைக்கணும். இந்தக் கூட்டல் கழித்தலை அப்பா காகிதமில்லாமல் செய்வார். ஆடுகிற துரை கை நீட்டும்போது சரியான மட்டை கையில் இருக்க வேண்டும், அதுதான் உத்தியோகம். பந்து சரியாகப் போனால் பெயர் துரைக்கு, தவறினால் திட்டு கேடிக்கு என்று இருந்த காலம். எந்த மலை, எந்தக் கிளப் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்தப் புல்வெளியில் தானே ஒரு பந்தை முழுசாக வீசி அடித்தது எத்தனை தடவை என்று கேட்டால், இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடுகிறார்.

கேடிகளில் இருந்து மேலே வந்தவர்களும் இருக்கிறார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூர்க் கேடி முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வென்றபோது அப்பா செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி வைத்திருந்தார். அது இன்னும் அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

கிரீனைப் பற்றி இரண்டு வார்த்தை. குழி இருக்கும் அந்த வழவழப்பான இடத்தில் பந்து உருளத்தான் செய்யும், பறக்காது. ஏற்றத்தில் தைரியமாகத் தட்டலாம். இறக்கத்தில் தொட்டால் போதும். குறுக்குச் சரிவில் பந்து கடைசியில்தான் அதிகம் வளையும், வேகம் குறைந்த பிறகு சரிவு அதை இழுத்துக்கொள்வதால். அடிக்கும் மட்டையின் முகம் ஏறக்குறையச் செங்குத்து என்பதால் நோட்டுப் புத்தகக் கணக்கு இங்கே பெரிதாக வேலை செய்யாது. சரிவில் நின்ற பந்து நாம் தொடாமலேயே தானாக உருண்டுவிட்டால் தண்டம் இல்லை, போய் நின்ற புது இடத்திலிருந்து அடிக்கலாம். ஆனால் கிரீனில் ஒரு தடவை அடையாளம் வைத்துப் பந்தை எடுத்துத் திரும்ப வைத்த பிறகு அது உருண்டால், பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். 2019-இல் விதிகளைத் திருத்தியபோது வந்த மாற்றம் இது.

இந்த டிசம்பரில் நெடும்பாசேரி மைதானத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். "அங்க மேடு இருக்கா?" என்று கேட்டார். பெரிதாக இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "சரி, முழங்காலுக்கு அதுதான் நல்லது" என்றார்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: காலை ஆறரைக்குள், கார்கள் நகரும் முன்னால் செய்யுங்கள். மழை பெய்த அன்று சாய்தளம் வழுக்கும், வேண்டாம். எலுமிச்சம்பழத்துக்குப் பதில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து வாங்கிக்கொள்ளுங்கள், காவலாளிச் சேட்டன் கோபிக்க மாட்டார். அடிக்கிறவருக்குப் பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. குடை பழையதாக இருக்கட்டும்.